சிஸ்டரைக் கேளுங்க: அலகு குத்துற அப்பாவுக்கு ஊசின்னா பயம்

போன மாசம் கடைசில ஒரு வரி போட்டிருந்தேன், "டாக்டர் இன்சுலின் எழுதியும் போட மாட்டேன்னு அடம் புடிக்கிறவங்க வீட்ல இருந்தா எழுதுங்க"ன்னு. வந்து குவிஞ்சதைப் பாத்தா சேலத்துல பாதி வீட்ல இதே பஞ்சாயத்துதான் ஓடுது போல. ஒரே மாதிரி இருந்ததைச் சேத்து, பேரை எடுத்துட்டு, கொஞ்சம் மட்டும் போடறேன். வழக்கம்போல முன்கூட்டியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லங்க, 31 வருசம் ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, அதுல கடைசி 12 வருசம் சுகர் ஓ.பி.ல. எத்தனை யூனிட்டுங்கறதை என்கிட்ட கேக்காதீங்க, அதை உங்க டாக்டர்தான் சொல்லணும்.

*

"சிஸ்டர் வணக்கம். அம்மாபேட்டைலருந்து எழுதறேன். அப்பாவுக்கு 58 வயசு, விசைத்தறி வெச்சிருக்கோம். சுகர் வந்து 14 வருசம் ஆச்சு, மூணு மாத்திரை போடறார், அப்படியும் ஹெச்.பி.ஏ.1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்) 10.8. டாக்டர் ரெண்டு தடவை இன்சுலின் எழுதிட்டார், இன்சுலின் போடற பேனாவும் வாங்கியாச்சு, ஃப்ரிட்ஜ்ல தூங்குது. பெரியப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பிச்ச ஆறே மாசத்துல கால் விரலை எடுத்தாங்க, அதுலருந்து 'ஊசி போட்டா என் கதை முடிஞ்சுது'ங்கறார். இத்தனைக்கும் வருசா வருசம் ஆடிப் பண்டிகைக்கு அலகு குத்திக்கிற மனுசன். அம்மா அழுதாங்க, நான் சண்டை போட்டேன், இப்ப என்கிட்ட பேச்சே இல்ல."

கண்ணு, உங்க கடுதாசில நான் திரும்பத் திரும்பப் படிச்ச எடம் அந்த அலகுதான். கன்னத்துல இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வர்ற வேலைத் தாங்கிக்கிட்டு கோயில் வரைக்கும் நடக்கிறவருக்கு பேனா ஊசி வலிக்கும்னா பயம்? அந்த ஊசி 4 மில்லிமீட்டர், அரிசி நீளம்கூட இல்ல. அப்ப வலி இல்ல அவர் பிரச்சனை. அலகு நேர்த்திக்கடன், ஊரே பாக்க தலை நிமிந்து குத்திக்கிறது. இன்சுலின் அவருக்கு எப்படித் தெரியுதுன்னா, 14 வருசமா பத்தியம் இருந்து, சோத்தைக் குறைச்சு, மாத்திரை முழுங்கி, கடைசில தோத்துட்டேன்னு கையெழுத்துப் போடற மாதிரி. அதை அவர் வாயால சொல்ல மாட்டார், "ஊசி புடிக்காது"ன்னு மட்டும் சொல்லுவார், நாமளும் வலிக்காதுப்பா வலிக்காதுப்பான்னு சம்பந்தமே இல்லாத எடத்துல சமாதானம் சொல்லிட்டிருப்போம்.

இந்த நினைப்பை அவங்க தலைல ஏத்தி விட்டதே எங்கள மாதிரி ஆளுங்கதான், இதை நான் ஒத்துக்கணும். ஓ.பி.ல எத்தனை ஆயிரம் பேருகிட்ட "பாருங்க, அடுத்த தடவையும் இப்படியே வந்தீங்கன்னா ஊசிதான் போட்டாகணும்"னு வெரட்டியிருக்கேன். ஸ்கூல்ல வாத்தியார் பிரம்பைக் காட்டற மாதிரி இன்சுலினைக் காட்டிட்டு, நெஜமாவே அது தேவைப்படற அன்னிக்கு "அய்யோ நல்ல மருந்துங்க, போட்டுக்கோங்க"ன்னா எவன் நம்புவான். எனக்கே 44 வயசுல சுகர் வந்து, ஒன்பது வருசம் கழிச்சு டாக்டரம்மா இன்சுலின் எழுதினப்ப ரெண்டு வருசம் டபாய்ச்சேன், தினம் அடுத்தவங்களுக்கு நூறு ஊசி போடற கை இது. முதல் ஊசிய நான் போட்டுக்கிட்டது வார்டு ஸ்டோர் ரூம்ல, பெட்ஷீட் மூட்டைக்குப் பின்னாடி நின்னு, கதவைத் தாப்பா போட்டுட்டு. குத்துனதே தெரியல. வெளில வந்தப்ப ஆயாம்மா "என்ன சிஸ்டர் கண்ணு செவந்திருக்கு"ன்னு கேட்டாங்க, தூசின்னுட்டேன்.

அதனால முதல்ல பண்ண வேண்டியது, சண்டையை விடுங்க, அம்மாவையும் அழ வேண்டாம்னு சொல்லுங்க, வீட்ல பொம்பளைங்க அழ அழ அவருக்கு "ஓ, அப்ப நெசமாவே முடிஞ்சுதான் போச்சு"ன்னு உறுதியாகுது. ஒரு நாள் சாயந்தரம் தறி நிறுத்துன பின்னாடி டீயைக் கையில குடுத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "அப்பா, இதைப் போட்டா என்ன ஆயிடும்னு நினைக்கிறீங்க?" கேட்டுட்டு வாயை மூடிக்கோங்க. குறுக்க பேசாதீங்க, அது கஷ்டம், இருந்தாலும். அவர் பெரியப்பா காலைத்தான் சொல்லுவார். சொல்லட்டும்.

பெரியப்பா விஷயம் காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை. கால் நரம்பும் ரத்தக்குழாயும் ஆறு மாசத்துல கெடாது கண்ணு, அது வருசக்கணக்கா ஏறியே கெடந்த சுகர் பண்ணுன வேலை. கடைசி நேரத்துல, புண்ணு வந்தப்பறமோ வர்ற நேரத்துலயோ இன்சுலினை ஆரம்பிச்சிருப்பாங்க, பழி மொத்தமும் ஊசி மேல விழுந்துடுச்சு. ஒவ்வொரு ஊர்லயும் இப்படி ஒரு பெரியப்பா இருக்கார், கண்ணு போனவர், டயாலிசிஸ் போனவர்னு. இங்கிலாந்துல 1977ல ஆரம்பிச்சு அஞ்சாயிரம் பேருக்கு மேல வருசக்கணக்கா பாத்து 1998ல முடிவு சொன்ன ஆய்வு ஒண்ணு இருக்கு, யு.கே.பி.டி.எஸ்னு சொல்லுவாங்க. அதுல மாத்திரையோ இன்சுலினோ எதை வெச்சு சுகரை நல்லா இறக்கினவங்களுக்கும் கண், கிட்னி பாதிப்பு குறைஞ்சுதான் இருந்துச்சு. அதுல கெடச்ச கணக்கு, ஹெச்.பி.ஏ.1சி ஒரு பாயின்ட் குறைவா இருந்தவங்களுக்கு அந்த மாதிரி சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு 37 சதவீதம் கம்மி. அப்பா 10.8ல இருக்கார், பொதுவா 7க்குப் பக்கத்துல கொண்டு வரணும்பாங்க (வயசு, வேற வியாதியப் பொறுத்து டாக்டர் கொஞ்சம் தளர்த்துவார்). எவ்ளோ தூரம் பாருங்க.

ஆனா இந்த சதவீதக் கணக்கெல்லாம் அவருகிட்ட எடுபடாது, அது உங்களுக்கு. அவருக்கு ஷெட்டை வெச்சே சொல்லுங்க. ஷெட்ல பத்து தறி. சுகர்னு கண்டுபுடிச்ச அன்னிக்கே அதுல கிட்டத்தட்ட பாதி நின்னு போச்சு, இதுவும் அதே ஆய்வு சொன்னதுதான், கணையத்துல இன்சுலின் சுரக்கற சக்தி அப்பவே பாதிக்கு வந்திருக்கும். மிச்சம் இருக்கற தறியை "ஓடு ஓடு"ன்னு வெரட்டி ஓட்டறது சில மாத்திரைங்க. வருசம் ஆக ஆக இன்னும் ரெண்டு நிக்கும், இன்னும் ஒண்ணு நிக்கும். மூணு தறியை வெச்சுக்கிட்டு பத்து தறி ஆர்டரை எந்த மாஸ்திரி முடிப்பான்? அப்ப அப்பா என்ன பண்ணுவார், பக்கத்து ஷெட்ல நெய்ய விட்டு வாங்கி ஆர்டரைக் குடுப்பாரா மாட்டாரா? அதுக்காக அவருக்கு தொழில் தெரியலன்னா அர்த்தம்? இன்சுலின் அவ்ளோதான், உள்ள நெய்ய முடியாத துணிய வெளிலருந்து வாங்கறது. 14 வருசம் மாத்திரைலயே ஓட்டினதே அவர் சாமர்த்தியம்னு நெஜமாவே சொல்லுங்க. யாரும் அவருகிட்ட இதைச் சொல்லியிருக்க மாட்டாங்க.

அப்பறம், மருந்தைப் பத்தி பேசறதுக்கு முன்னாடி வெறும் ஊசிய மட்டும் குத்திப் பாக்கச் சொல்லுங்க. நான் ஓ.பி.ல கடைசி காலத்துல கத்துக்கிட்ட வித்தை இது. மருந்து இல்லாம புது ஊசி ஒண்ணு, முதல்ல என் வயித்துல நானே சேலைய லேசா ஒதுக்கிட்டு குத்திக் காட்டுவேன், அப்பறம் அவங்க கையில இன்னொரு புது ஊசி. (ஆளுக்கு ஒரு ஊசி, ஒருத்தர் குத்துனதை இன்னொருத்தர் தொடவே கூடாது, பேனாவும் அப்படித்தான், ஊசி மாத்தினாலும் பேனாவைப் பங்கு போடக்கூடாது.) ஒரு நாள் ஒரு லாரி டிரைவர், மீசை இந்தா இந்த அளவுக்கு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு குத்திட்டு அப்படியே உக்காந்திருக்கார். "ம், குத்துங்க"ன்னேன். "குத்திட்டேனே சிஸ்டர்"னார். கண்ணைத் தொறந்து வயித்தைப் பாக்கறார், ஊசி அதுபாட்டுக்கு நிக்குது. அந்த மூஞ்சிய இப்பவும் மறக்கல.

பேனா எப்படின்னா, ஊசிய மாட்டி, ரெண்டு மூடியையும் எடுத்து, முதல்ல 2 யூனிட் வெச்சு காத்துல அழுத்தணும், நுனில ஒரு சொட்டு பனித்துளி மாதிரி வந்து நின்னா சரி. அப்பறம் டாக்டர் சொன்ன நம்பருக்கு டக் டக்னு திருப்பி, தொப்புள்லருந்து ரெண்டு வெரக்கடை தள்ளி நேரா குத்தி, முழுசா அழுத்தி, பத்து எண்ணிட்டு எடுக்கணும். அந்த பத்தை எண்ணாம உருவறவங்கதான் ஜாஸ்தி, கொஞ்சம் மருந்து வெளில வழிஞ்சுடும். அப்பாவே குத்திக்கட்டும், நீங்களோ அம்மாவோ குத்த வேண்டாம், கை நடுங்குது கண்ணு தெரியலன்னா ஒழிய. அவர் கையில இருந்தா அது அவர் வேலை, உங்க கையில இருந்தா அவர் நோயாளி.

கடைசியா பேரம் பேசுங்க, நம்ம ஊர்ல பேரம் பேசாம என்ன நடக்கும். "ஆயுசுக்கும்"னு சொல்லாதீங்க, "மூணு மாசம், அடுத்த ஹெச்.பி.ஏ.1சி வரைக்கும் போட்டுப் பாப்போம், அப்பவும் வேண்டாம்னா டாக்டர்கிட்ட நாம ரெண்டு பேரும் போய் பேசலாம்"னு சொல்லுங்க. இது ஏமாத்து இல்ல, சொன்னா சொன்ன மாதிரி கூட்டிட்டுப் போகணும். பெரும்பாலும் ஆரம்பத்துல ராத்திரி ஒரு வேளை, 10 யூனிட் சுமார்லதான் தொடங்குவாங்க, காலைல வெறும் வயித்துல பாத்து பாத்து கொஞ்சங்கொஞ்சமா ஏத்துவாங்க. சுகர் இறங்க ஆரம்பிச்சா ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்கு எந்திரிக்கிறது ஒரு தடவையா ஆகும், ரொம்ப நாளுக்கு அப்பறம் ஒரு முழு தூக்கம் வரும். என் அனுபவத்துல பாதிப் பேரு தொடர்றதுக்குக் காரணம் அந்தத் தூக்கம்தான், எங்க லெக்சர் இல்ல.

ஒண்ணு மட்டும். ஆள் வேகமா இளைச்சுட்டே போறார், வாந்தி, மூச்சு வாங்குது, தண்ணி குடிச்சு குடிச்சு அடங்கலைன்னா மேல சொன்ன பேரம் கீரம் எதுவும் வேண்டாம், அன்னிக்கே ஆஸ்பத்திரி.

*

"ஏற்காடுலருந்து எழுதறேன் சிஸ்டர். அம்மா எஸ்டேட்டுல காபி பழம் பறிக்கப் போறாங்க, வயசு 52. இன்சுலின் போடணும்னுட்டாங்க. எங்க லைன் வீட்ல ஃப்ரிட்ஜ் இல்ல, கரன்ட்டும் மழை பெஞ்சா போயிடும். அதுவும் போக, மலைச் சரிவுல நிக்கறப்ப சுகர் இறங்கி விழுந்துட்டா யார் பாப்பாங்கன்னு அம்மா ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க."

தம்பி, ஃப்ரிட்ஜ் விஷயத்துல நீங்க குடுத்து வெச்சவங்க. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தா ஏசி போட்ட மாதிரி இருக்கற ஊரு. பிரிக்காத மருந்துக்குத்தான் 2லருந்து 8 டிகிரி வேணும், அதை மருந்து குடுக்கற எடத்துலயே மாசத்துக்கு ஒண்ணா வாங்கிக்கலாமான்னு கேளுங்க. பிரிச்சு உபயோகத்துல இருக்கறது 30 டிகிரிக்குள்ள இருந்தா பொதுவா நாலு வாரம் தாங்கும், கவர்ல போட்டிருக்கறதையும் ஒரு தடவை பாத்துக்கோங்க. வெயில் படாத, அடுப்புப் பக்கம் இல்லாத அலமாரி போதும். பிரிச்ச தேதிய பாட்டில் மேல எழுதி வைங்க. கீழ சேலத்துல சித்திரை வெயில்ல ஃப்ரிட்ஜ் இல்லாதவங்களுக்கு நான் சொல்றது மண் சட்டி, ஒரு தட்டுல ஈர மணல், அது மேல சின்னப் பானை, அதுக்குள்ள மூடி போட்ட டப்பால மருந்து, மணலை மட்டும் நனைச்சுட்டே இருக்கணும். ஃப்ரிட்ஜ் இருக்கறவங்க பண்ற தப்பு வேற, ஐஸ் பெட்டில வெச்சு கல்லாக்கிடறாங்க. ஒரு தடவை ஒறஞ்ச இன்சுலின் உருகினாலும் குப்பைதான். அதே மாதிரி டூவீலர் டிக்கில வெச்சுட்டு ஊரெல்லாம் சுத்தறதும்.

அம்மா பயம் இருக்கே, அது நியாயமான பயம், அதை ஒண்ணும் இல்லம்மான்னு தள்ளாதீங்க. மேட்டுல ஏறி எறங்கி, பழக்கூடை சுமந்து வேலை செய்யறப்ப சுகர் வேகமா கரையும், அதுவும் பறிப்பு சீசன்ல விடிகாலைல பாதி வயித்தோட கெளம்பிப் போய் பதினோரு மணி வரைக்கும் ஒண்ணும் சாப்பிடலன்னா கண்டிப்பா இறங்கும். அதனால டாக்டர்கிட்ட "எங்கம்மாவுக்கு மலை வேலை"ன்னு வாயைத் தொறந்து சொல்லணும், சீசன் நாளுக்கு ஒரு அளவு, வீட்ல இருக்கற நாளுக்கு ஒரு அளவுன்னுகூட அவங்க மாத்திக் குடுப்பாங்க, காலைல போடற இன்சுலினா ராத்திரி போடறதான்னும் பாப்பாங்க. சொல்லலன்னா அவங்களுக்கு உங்கம்மா வீட்ல உக்காந்து டிவி பாக்கறவங்கதான்.

இறங்குதுன்னா எப்படித் தெரியும்? கை நடுங்கும், குளிர்லயும் வேர்க்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், பசி தாங்காது, சும்மா எரிஞ்சு விழுவாங்க. மெஷின்ல 70க்குக் கீழ. மெஷின் இல்லன்னா பாத்துட்டு நிக்காம உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ கொஞ்சம் தண்ணில கலக்கிக் குடிக்கணும், சரிவுலருந்து எறங்கி உக்காரணும், கால் மணி நேரம் பாக்கணும், நடுக்கம் போகலன்னா இன்னொரு தடவை. சரியானதும் ரெண்டு இட்லியோ பிஸ்கட்டோ. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரையை மெதுவாத்தான் விடும். மயங்கிக் கெடந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, பொறை ஏறிடும், 108தான். அம்மா சேலை முந்தில வெத்தலை முடியற மாதிரி ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை முடிஞ்சுக்கட்டும், கூட பறிக்கற ரெண்டு பேருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கட்டும். வெறும் பொட்டலம்தான், அது இடுப்புல இருந்தா பாதி பயம் போயிடும்.

*

"அஸ்தம்பட்டி. எனக்கு வயசு 49. பொண்ணுக்கு வரன் பாக்கறோம். நான் இன்சுலின் போடறது தெரிஞ்சா 'பரம்பரை சுகர்'னு சம்பந்தம் தட்டிப் போயிடும்னு மாமியார் சொல்றாங்க. கல்யாணம் முடியட்டும், அப்பறம் ஆரம்பிக்கலாமா? இன்னொண்ணு, ஒரு தடவை பழகிட்டா விட முடியாதாமே, குண்டாயிடுவேனாமே?"

அம்மா, வரன் எப்ப அமையும்? தை மாசமா, அடுத்த தையா? சுகர் உங்களுக்காக முகூர்த்தம் பாக்காது. கல்யாணத்தன்னிக்கு மணவறைல மங்கலா தெரியற கண்ணோட நிக்கப் போறீங்களா?

சம்பந்திங்ககிட்ட சொல்றதா வேண்டாமாங்கறது உங்க வீட்டு விஷயம், நான் அதுல தலையிடல. மாத்திரை போடறது தெரிஞ்சா பரவால்ல, ஊசின்னா மட்டும் பரம்பரைன்னு மாமியார் சொல்ற கணக்குதான் எனக்குப் புரியல, ரெண்டும் ஒரே சுகர்தானே. ராத்திரி படுக்கறப்ப ரூமுக்குள்ள ஒரு நிமிசம், பொண்ணு பாக்க வந்தவங்க பஜ்ஜி சாப்பிட்டு கெளம்பிப் போய் எத்தனையோ நேரம் ஆயிருக்கும். ஆனா வீட்டுக்குள்ள ஒருத்தருக்காவது தெரிஞ்சே ஆகணும், புருசனுக்கோ அந்தப் பொண்ணுக்கோ. சுகர் இறங்கினா சர்க்கரை எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆள் வேணும்ல.

பழகிடும்ங்கறது, சோத்துக்கு நாம பழகிட்டோம்னு யாராச்சும் சொல்றாங்களா? இன்சுலின் போதை இல்ல, நம்ம உடம்பே பொறந்ததுலருந்து சுரக்கற சாமான்தான், இப்ப பத்தல. விட முடியாதுன்னும் எல்லாருக்கும் இல்ல. கர்ப்ப காலத்துல மட்டும் போட்டு பிரசவத்தோட நிறுத்தினவங்க, ஆபரேஷனுக்காகப் போட்டவங்க, சுகர் எக்கச்சக்கமா ஏறிப் போய் கொஞ்ச மாசம் போட்டு கணையத்துக்கு மூச்சு விட்டு மறுபடி மாத்திரைக்கே வந்தவங்க எல்லாம் உண்டு. ரொம்ப வருச சுகர்னா தொடர வேண்டித்தான் இருக்கும், அதை மறைச்சு சொல்ல மாட்டேன்.

வெயிட் கொஞ்சம் போடும், ரெண்டுலருந்து நாலு கிலோ வரைக்கும் சாதாரணம். இத்தனை நாள் ஒண்ணுக்கோட போயிட்டிருந்த சத்து இப்ப உடம்புல தங்குதுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஏறுதுன்னா பெரும்பாலும் சுகர் இறங்கிடுமோன்னு பயந்து சாயந்தரம் நாலு தட்டுவடை செட்டு எக்ஸ்ட்ரா போறதுதான் காரணம். நான் ஏறின மூணு கிலோவுல ஒரு கிலோ அதுதான், ஒத்துக்கறேன்.

*

சின்னச் சின்னதா கொஞ்சம்

*"இன்சுலின் பன்னிலருந்து எடுக்கறதாமே?" (செவ்வாய்பேட்டை)*

எடுத்தாங்க, பன்னி, மாடு ரெண்டோட கணையத்துலருந்தும். 1921ல கனடால டொரன்டோவுல கண்டுபுடிச்சு, 1922 ஜனவரில 14 வயசுப் பையன் ஒருத்தனுக்கு முதல்ல போட்டதுலருந்து அறுபது வருசம் அப்படித்தான். 1982லருந்து கிருமிக்குள்ள மனுச ஜீனை வெச்சு மனுச இன்சுலினையே செய்யறாங்க, சில கம்பெனி பன்னு ரொட்டி புளிக்க வைக்கற ஈஸ்ட்டுல செய்யறாங்க. இன்னிக்கு நம்ம மெடிக்கல் ஷாப்புல வாங்கறது அந்த வகைதான். விரதக்காரங்களும் போட்டுக்கலாம். கண்டுபுடிச்சவங்க பேட்டன்ட்டை ஆளுக்கு ஒரு டாலருக்குத்தான் யுனிவர்சிட்டிக்கு எழுதிக் குடுத்தாங்க, இந்த விஷயத்தை நினைச்சா எனக்கு எப்பவும் கொஞ்சம் சிலிர்க்கும்.

*"ஆவாரம்பூ கஷாயம் குடிச்சா ஊசிய தள்ளிப் போடலாமா?" (ஆத்தூர்)*

கஷாயத்தைக் குடிங்க, ஊசியத் தள்ளாதீங்க. குடிக்கறதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

*"எங்களால மாசாமாசம் வாங்க முடியாது." (வாழப்பாடி)*

கவர்மென்ட் ஆஸ்பத்திரில இலவசம். சேலம் ஜி.ஹெச். வரைக்கும் வரணும்னு இல்ல, முதல்ல உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கேளுங்க. அங்க பேனா கெடைக்கலன்னா பாட்டிலும் சிரிஞ்சும் குடுப்பாங்க, ரெண்டும் ஒரே வேலைதான். பேனா இல்லன்னு போடாம இருக்காதீங்க.

*"இன்சுலின் ஆரம்பிச்சா மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடலாம்ல?" (எடப்பாடி)*

நீங்களா நிறுத்தக் கூடாது. மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரையை பெரும்பாலும் கூடவே தொடரச் சொல்லுவாங்க. சுகரை வெரட்டி இறக்கற மாத்திரைய குறைப்பாங்களா நிறுத்துவாங்களாங்கறது டாக்டர் கணக்கு.

*

"ஓமலூர். மாமாவை ரெண்டு மாசம் கெஞ்சி இன்சுலின் போட வெச்சேன். ஒரு மாசம் ஆச்சு, வெறும் வயித்துல 240, 250. 'பாத்தியா, இதுக்குத்தான் வேண்டாம்னேன்'னு நிறுத்தப் போறேங்கறார். என் மானம் போச்சு சிஸ்டர்."

மானம் இருக்கட்டும் மாப்ள, முதல்ல மாமா சட்டையத் தூக்கி வயித்தைத் தடவிப் பாருங்க. தொப்புள் பக்கத்துல ஒரே எடத்துல ரப்பர் மாதிரி தடிப்பு தட்டுதா? வலிக்கல, வசதியா இருக்குன்னு தினம் அங்கயே குத்துவாங்க, அங்க கொழுப்பு தடிச்சுப் போய் மருந்து சரியா ஏறாது. இன்னிக்கு வலது, நாளைக்கு இடது, அப்பறம் தொடைன்னு மாத்திட்டே வரணும், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வெரல் தள்ளி. ஆனா தடிப்புல போட்டுட்டிருந்த அதே அளவை நல்ல எடத்துல போட்டா திடீர்னு சுகர் இறங்கும், அதனால மாத்தறதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் போட்டுடுங்க.

அடுத்தது, பால் மாதிரி கலங்கலா இருக்கற இன்சுலினா? அதை உள்ளங்கைல வெச்சு ஒரு இருபது தடவை சப்பாத்தி மாவு உருட்டற மாதிரி மெதுவா உருட்டணும், குலுக்கக் கூடாது. அதை உருட்டாம போட்டா ஒரு நாள் தண்ணி, ஒரு நாள் கெட்டி. சாப்பாட்டுக்கு எத்தனை நிமிசம் முன்னாடின்னு சொன்னாங்களோ அதையும் கேளுங்க, மிக்ஸ் இன்சுலின்னா (வேகமா வேலை செய்யறதும் மெதுவா செய்யறதும் கலந்தது) பெரும்பாலும் அரை மணி நேரம் முன்னாடின்னு சொல்லியிருப்பாங்க, இவர் சாப்பிட்டு முடிச்சு ஏப்பம் விட்டுட்டுப் போட்டுட்டிருப்பார். சில நேரம் இதெல்லாம் சரியா இருந்தும், ஆரம்பிச்ச அளவுலயே நின்னுட்டு இருப்பாங்க, ஏத்தறதுக்குத் திரும்பப் போகவே இல்ல. ஆரம்ப அளவுங்கறது காலை நனைச்சுப் பாக்கறது மாதிரிதான் மாப்ள, அதோட யாருக்கும் சுகர் அடங்காது.

நான் ரொம்ப சந்தேகப்படறது சிரிஞ்ச். பாட்டில்ல வர்ற இன்சுலின் நம்ம ஊர்ல பெரும்பாலும் 40, அதாவது ஒரு மில்லில 40 யூனிட். பேனால போடறது 100. சிரிஞ்சும் அதே மாதிரி ரெண்டு வகை, செவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 40 மருந்தை 100 சிரிஞ்சுல பத்து கோடு இழுத்தா உள்ள போறது நாலு யூனிட்தான், மாமா இருபது போடறோம்னு நினைச்சு எட்டு போட்டுட்டிருப்பார், சுகர் எங்க குறையும். இதைத் தலைகீழா பண்ணினா இன்னும் மோசம். எங்க வார்டுக்கு ஒரு பாட்டிய மயக்கத்துல தூக்கிட்டு வந்தாங்க, பேனா மருந்து மிச்சம் இருக்கே வீணாக்குவானேன்னு பேரன் அதை 40 சிரிஞ்சுல இழுத்துப் போட்டிருக்கான், பத்துன்னு நினைச்சு இருபத்தஞ்சு போயிருக்கு. பாட்டி பொழச்சுக்கிட்டாங்க, எந்திரிச்சதும் முதல்ல கேட்டது "டீ இருக்கா கண்ணு". பேரன் மூணு நாள் வார்டு வாசல்லயே உக்காந்திருந்தான், யாரும் அவனத் திட்டல, கடையிலயும் சொல்லல, நாங்களும் சொல்லிக் குடுக்கல, அவனுக்கு எப்படித் தெரியும்.

அதனால நாளைக்கு காலைல பாட்டில், பிரிக்காத சிரிஞ்ச் ஒண்ணு, சுகர் பாத்து எழுதின நோட்டு, மூணையும் ஒரு பையில போட்டு மாமாவையும் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி இன்சுலின் குடுக்கற சிஸ்டர்கிட்ட "இவர் எப்படிப் போடறார்னு ஒரு தடவை பாருங்க"ன்னு சொல்லி அவரையே அங்க போட்டுக் காட்டச் சொல்லுங்க. கூட்டமா இருக்கு அப்பறம் வாங்கம்பாங்க, நகராதீங்க. போட்ட ஊசிய வீட்ல குப்பைக் கவர்ல போடாம காலி பினாயில் பாட்டில்ல போட்டு மூடி வைங்க, தெருக் கூட்டற அம்மா கையில குத்தும். அந்த பாட்டில் ரொம்பினதும் அதையும் ஆஸ்பத்திரிலயே குடுத்துடலாம்.